நிவித்திகல மலையில் சத்தமில்லாத ஒரு பள்ளிக்கூடம்

என் பஸ் பயணக் குறிப்புகளைப் படித்துவிட்டுக் கிளம்புகிறவர்களில் இப்போது ஒரு புது வகையினர் சேர்ந்திருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து லீவில் வருகிறவர்கள். கடற்கரையும் யானையும் பார்த்து முடித்த பிறகு, தாங்கள் காசு கொடுத்துக் கட்டிய தோட்டத்துப் பள்ளிக்கூடத்தையும் ஒரு எட்டுப் பார்த்துவிட நினைக்கிறவர்கள். எப்படிப் போவது, எங்கே தங்குவது என்று கேட்டு எழுதுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. வழி, வாடகை எல்லாம் வழக்கம் போல உண்டு. மற்றதையும் தயவு செய்து படியுங்கள்.

நானே அப்படி ஓர் ஆளின் தூதனாகத்தான் போனேன். லண்டனில் இருக்கும் என் சாச்சா மகன், தம்பி முறையான ரிஸ்வானும் இன்னும் சில குடும்பங்களும் சேர்ந்து ஓர் உதவிக் குழு நடத்துகிறார்கள். அங்குள்ள ஒரு பெரிய அபிவிருத்தி நிதியத்திடம் காசு வாங்கி இங்கே பள்ளிக்கூடங்களுக்குச் செலவழிப்பது அவர்கள் வேலை. நிவித்திகலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஆரம்பப் பள்ளிக்கூடம் ஒன்றைக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். கட்டடம் பாவனையில், அதாவது பயன்பாட்டில், இருப்பதற்கு வருடா வருடம் ஆதாரம் காட்டினால், அங்குள்ள இரண்டு தொண்டர் ஆசிரியைகளுக்கு நிதியம் சம்பளமும் கொடுக்கும்.

"நானா, நீங்க எப்படியும் பஸ்ஸேறி சுத்துற ஆள்தானே. அந்தப் பக்கம் போனா நாலு போட்டோ எடுத்து அனுப்புங்களே. பிள்ளைகள் பாடுற மாதிரி ஒரு வீடியோவும் இருந்தா நல்லம்" என்றான். நானா என்றால் எங்கள் பேச்சில் அண்ணன். எனக்கு மாவனல்லையில் ஹார்ட்வெயார் கடை. ஞாயிறு மத்தியானம் கடையை மூத்தவனிடம் விட்டுவிட்டுப் புறப்பட்டேன். பெருமழை விட்டு இரண்டு வாரம் ஆகியிருந்தது.

மாவனல்லையிலிருந்து கேகாலை பதினொரு கிலோமீட்டர். அங்கே மாறி ருவான்வெல்லை வழியாக அவிசாவளைக்குப் போகும் பஸ்ஸைப் பிடியுங்கள். கொழும்பு வீதியில் சுற்றிக்கொண்டு போகாதீர்கள், நெரிசலில் உயிர் போய்விடும். ருவான்வெல்லையில் பஸ் பத்து நிமிடம் நிற்கும். கடைத்தெருவில் பிளேன்டீயும் பனிஸும் நூற்றைம்பது ரூபாவுக்குள் முடிந்தது. அதற்குப் பிறகு இரு பக்கமும் இறப்பர் மரங்கள்தான், கண்ணுக்குக் குளிர்ச்சி. அவிசாவளையிலிருந்து இரத்தினபுரி நாற்பத்திரண்டு கிலோமீட்டர். பஸ் நிலையத்துக்குப் பின்னால் லொட்ஜில் ஃபேன் அறை மூவாயிரத்து ஐந்நூறு. தெருப் பக்கத்து அறையை எடுக்காதீர்கள். விடியுமுன் கண்டக்டர்மார் ஊர் பெயரெல்லாம் கூவி எழுப்பிவிடுவார்கள்.

திங்கள் காலை ஆறரை பஸ்ஸில் நிவித்திகலவுக்கு. இருபது கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் எடுத்தது. அங்கிருந்து தோட்டத்துக்கு ஒன்பது கிலோமீட்டர் ஏற்றம். பஸ் இல்லை. போக, வர, காத்திருக்க என்று ஆட்டோவுக்கு ஆயிரத்து எண்ணூறு பேசினேன். ஓட்டுநர் பெயர் செல்வம், அதே தோட்டத்தில் பிறந்து வளர்ந்த ஆள். ஏறியதும் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"பள்ளிக்கூடத்துக்கா சேர்? விசிட்டரா?"

"ஓம், போட்டோ எடுக்கணும்."

"சொல்லிட்டுத்தான் வாறீங்களா?"

"இல்ல. சும்மா போய்ப் பாக்கத்தான்."

கொஞ்ச தூரம் போய், கோவில் வளைவில் ஓரம் கட்டி இறங்கி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போன் பேசினார். "சரி டீச்சர், சரி... ஒரு ஆள்தான். மெதுவாத்தான் கொண்டு வருவேன்." பிறகு வந்து ஆட்டோவின் பின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, எஞ்சின் சூடேறிவிட்டது, கொஞ்சம் ஆறட்டும் என்றார். காலைக் குளிரில், பத்து நிமிட ஓட்டத்தில் எந்த எஞ்சின் சூடேறும்? காத்திருப்புக் கூலியைக் கூட்டுகிற தந்திரம் என்று எனக்குக் கோபம் வந்தது. இறங்கி நின்று பள்ளத்தைப் பார்த்தேன்.

எதிர்ச் சரிவில் பனிப்புகை இறங்கிக்கொண்டிருந்தது. கீழே தோட்டத் தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடுகளின் தகரக் கூரைகள், மேலே மஞ்சள் சுவரும் சிவப்புக் கூரையுமாக ஒரு புதுக் கட்டடம். இரண்டுக்கும் நடுவே தேயிலைக்குள் ஏறும் படிகளில் பிள்ளைகள் போய்க்கொண்டிருந்தார்கள். வெள்ளைச் சீருடை, ஒற்றை வரிசை, ஐம்பது பேருக்குக் குறையாது. எனக்கும் அவர்களுக்கும் நடுவே ஒரு கூப்பிடு தூரம்தான். ஒரு சத்தமும் வரவில்லை. சிரிப்பில்லை, தள்ளுமுள்ளு இல்லை, ஒருவன் கூட ஓடவில்லை. ஒவ்வொருவராகப் புகைக்குள் போய் மறைந்து மேலே வெளிப்பட்டார்கள். ஆறு பிள்ளை பெற்று வளர்த்தவன் நான், பிள்ளைகள் இப்படி நடந்து ஒரு நாளும் பார்த்ததில்லை.

"என்ன இது, இப்பதானா பள்ளிக்கூடம் போறாங்க? மணி எட்டே முக்கால் தாண்டிட்டே" என்றேன்.

"அசெம்பிளி சேர்" என்று சொல்லி மூடியைச் சாத்தினார் செல்வம். கடைசிப் பிள்ளை கட்டடத்துக்குள் போன பிறகுதான் எஞ்சின் ஆறியது.

கட்டடம் அழகு. அதை மறைக்கக் கூடாது. வாசலில் கிரனைட்டில் கொடையாளர் பெயர்கள், தரையெல்லாம் நல்ல கம்பனி டைல்ஸ், பெரிய ஜன்னல்கள். மலையை வெட்டி எடுத்த சமதரையில் நின்றதால் கீழே போகும் வீதியிலிருந்தே முழுக் கட்டடமும் போட்டோவில் விழும். வாசலில் செருப்புகள் அடுக்கியிருந்தன. எல்லாச் செருப்பும் முனை வெளிப்பக்கம் பார்க்க வைக்கப்பட்டிருந்தது. பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமை நான் பார்க்கும் செருப்புக் குவியலை நினைத்துக்கொண்டு, நல்ல ஒழுக்கம் என்று மெச்சினேன்.

யோகேஸ்வரி டீச்சர் வந்து கும்பிட்டார். இருபத்தைந்து வயதிருக்கும். அதே தோட்டத்து லயத்தில் பிறந்து உயர்தர வகுப்பு வரை படித்தவர். இரண்டு தொண்டர் ஆசிரியைகளில் ஒருவர். பள்ளிக்கூட அதிபர் வலயக் கல்விக் காரியாலயக் கூட்டத்துக்குப் போயிருப்பதாகச் சொன்னார். மிகவும் தாழ்ந்த குரலில் சொன்னார். உள்ளே நோயாளி படுத்திருக்கும் வீட்டில் வாசலுக்கு வந்து பேசுகிறவர்கள் அப்படிப் பேசுவார்கள்.

"வாங்க சேர். செருப்ப கழட்டிட்டு, கொஞ்சம் மெதுவா நடங்க."

உள்ளே ஒரே நீள மண்டபம். வகுப்புகளுக்கு நடுவே இடுப்பளவு மறைப்பு. எல்லாப் பிள்ளைகளும் உட்கார்ந்திருந்தார்கள். நான் நுழைந்ததும் எழுந்து, உதடு அசைய வணக்கம் சொல்லி, உட்கார்ந்தார்கள். கதிரைகள் தரையில் உரசும் சத்தம் வரவில்லை, கதிரையைக் கையால் தூக்கி வைத்தார்கள். டீச்சர் இடாப்பைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டபோது யாரும் வாய் திறக்கவில்லை. கை மட்டும் எழுந்து இறங்கியது.

பொருள் விற்கிறவன் கண் பொருளில்தான் போகும். மேசைகளில் ஒரு பேனைக் கீறல் இல்லை. கதிரைக் கால்களில் கடையில் ஒட்டி வந்த பொலித்தீன் அப்படியே இருந்தது. பலகையில் அழித்து எழுதிய தடம் இல்லை. திறப்பு விழா முடிந்து நான்கு வருடம் என்று ரிஸ்வான் சொல்லியிருந்தான். மண்டபத்தில் இன்னும் பெயின்ட் மணந்தது. நான் உள்ளே வந்த கதவு தானாக மெல்லச் சாத்திக்கொள்ளப் பார்த்தது. காற்று இல்லை. வாசலோரம் இருந்த ஒரு பையன் காலால் கருங்கல் ஒன்றைத் தள்ளி அதற்கு அடை கொடுத்தான். அவனுக்கு அது பழகின வேலை என்பது பார்த்தாலே தெரிந்தது.

எல்லாவற்றையும் விட அந்தப் பெண் பிள்ளை. பத்து வயது இருக்கும், இரட்டைப் பின்னல். பின் வரிசையில், மற்ற எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, மலைப்பக்கச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. பலகையைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. பக்கத்தில் போய், "மகள், என்ன பாக்குறீங்க?" என்று கேட்டேன். திரும்பவில்லை. கண் கூட ஆடவில்லை. சுற்றியிருந்த பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அந்தப் பிள்ளைக்கு மனநலம் சரியில்லையோ, வேறு ஏதாவது பிடித்திருக்குமோ என்றெல்லாம் என் புத்தி போனது. சொல்லத்தானே வேண்டும், பட்டப்பகலில் எனக்குப் பயமாக இருந்தது.

பயந்தால் எனக்குக் குரல் உயரும், இது என் வீட்டாருக்குத் தெரியும். படங்கள் எடுத்து முடித்துவிட்டு, "சரி டீச்சர், பிள்ளைகள் ஒரு பாட்டுப் பாடட்டும், வீடியோ எடுக்கணும்" என்றேன்.

"பாட்டு வேணாம் சேர்."

"லண்டன்ல கேட்டிருக்காங்களே."

"இங்க வேணாம் சேர். கீழ போய்ப் பாடுவாங்க."

"கீழ என்னத்துக்கு? கட்டடத்தோட பாடுற மாதிரித்தானே கேட்டாங்க. ஒரு பாட்டுக்கு என்ன வந்துட்டு?"

டீச்சர் என்னைப் பார்த்தார், பிறகு அந்தச் சுவர்ப் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்தார். பிறகு கையைத் தூக்கினார். பிள்ளைகள் பாடினார்கள். ஐம்பது வாய் திறந்து மூடுகிறது, வருவது ஒரு முணுமுணுப்பு. மழையைப் பற்றிய பாட்டு. என் பேரப்பிள்ளை அதே மாதிரிப் பாட்டை வீடே இடியப் பாடுவான். நான் போனைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் சத்தமா, சத்தமா" என்று கையைக் காட்டினேன்.

அப்போது ஒரு சின்னச் சத்தம் கேட்டது. சோடா மூடியை மிதித்தால் வருமே, அவ்வளவுதான்.

சுவரைப் பார்த்திருந்த பிள்ளை எழுந்து நின்றது. வாய் திறக்கவில்லை. பாட்டு அந்த இடத்திலேயே நின்றது. வாசலுக்குக் கிட்ட இருந்த வரிசை எழுந்து வெளியே போனது. அடுத்த வரிசை, அதற்கடுத்தது. ஓட்டமில்லை, அழுகையில்லை, வெறுங்கால்கள் டைல்ஸில் படும் சத்தம் கூட இல்லை. பெரிய பிள்ளைகள் சின்னதுகளைக் கையில் பிடித்திருந்தார்கள். இரட்டைப் பின்னல் பிள்ளை கடைசியாகப் போனது. நான் போனைத் தூக்கிப் பிடித்தபடி வெறும் கதிரைகளைப் படமெடுத்துக்கொண்டு தனியே நின்றேன்.

"சேர், வெளிய வாங்க." வாசலிலிருந்து டீச்சர் குரல். "ஓடாதீங்க. மெதுவா வாங்க."

பிள்ளைகளுக்குப் பின்னால் நானும் படிகளில் இறங்கினேன்.

கீழே லயத்துக்குப் பக்கத்தில் பிள்ளைக்காம்பரா. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப் போகும் இடம். அதன் பின் பாதிதான் பள்ளிக்கூடம். தகரக் கூரை, கீறல் விழுந்த வாங்குகள், நாற்பது தரம் அழித்து எழுதிச் சாம்பலாகிப்போன பலகை. நான் போய்ச் சேர்வதற்குள் அங்கே ஒரே கூச்சல். வாய்ப்பாடு ஒரு பக்கம், சண்டை ஒரு பக்கம், தூளியில் குழந்தை அழுகை இன்னொரு பக்கம். அந்த இரட்டைப் பின்னல் பிள்ளை ஒருவனைத் துரத்திக்கொண்டு ஓடியது. அந்த இரைச்சலைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

செல்வம் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். டீச்சர் எல்லாவற்றையும் சொன்னார். இப்போது குரல் சாதாரணமாக இருந்தது.

"நாங்க கேட்டது டீச்சரும் கக்கூஸும் சேர். வந்தது கட்டடம். சமதரை இல்லன்னு மலையோட அடிய வெட்டுனாங்க. பழைய பள்ளிக்கூடத்த ஒடச்சு, அந்தக் கல்லுலதான் அத்திவாரம் போட்டாங்க. ரெண்டாவது மழையிலயே பின்சுவர் வெடிச்சிருச்சு. மண்சரிவு பாக்குற ஆபீசர்மார் வந்து வெடிப்புக்குக் குறுக்கால கண்ணாடித் துண்டு ஒட்டிட்டுப் போனாங்க. மலை அசைஞ்சா கண்ணாடி ஒடையும், ஒடைஞ்சா உள்ள யாரும் இருக்கக் கூடாதுன்னு சொன்னாங்க."

"அப்ப எதுக்கு மேல கொண்டு போறீங்க?"

"போறதில்ல சேர். விசிட்டர் வந்தா மட்டும். பிள்ளைங்க அத காட்டுற பள்ளிக்கூடம்னு சொல்லுவாங்க, இது படிக்கிற பள்ளிக்கூடம். கட்டடம் பாவனையில இல்லன்னா எங்க சம்பளம் நிக்கும். நாங்க ரெண்டு பேரும் போனா நாலாம், அஞ்சாம் வகுப்புக்கு ஆளே இல்ல. வெளியிலருந்து வாற டீச்சர்மார் மூணு மாசத்துல மாற்றம் வாங்கிட்டுப் போயிருவாங்க. அந்த ரெட்டப் பின்னல் பிள்ள பவித்ராவுக்குப் பார்வை நல்ல கூர்மை, அதனால கண்ணாடி பாக்குற வேலை அவளுக்கு. ஒடையிற சத்தம் கேக்கணும்னுதான் மத்தவங்க சத்தமே போடுறதில்ல. மழை நாள்ல யாரு வந்தாலும் பிள்ளைகளுக்குக் காய்ச்சல்னு சொல்லிருவோம்."

"தாய்தகப்பனுக்குத் தெரியுமா?"

"அவங்ககிட்டக் கேட்டுத்தான் சேர்" என்றார் செல்வம். "என் மகளும் இதுலதான் படிக்குது. கங்காணி வீட்டுல மட்டும்தான் பிள்ளைய அனுப்ப மாட்டேன்னாங்க. மத்த எல்லாரும் கூடிப் பேசித்தான் முடிவெடுத்தோம். வருஷத்துல நாலு தடவை, அரை மணி நேரம்."

அரை மணி நேரம் என்று அவர் சொன்ன விதத்தில் எனக்குக் கோபம் வந்தது, ஆனால் யார் மேல் என்று பிடிபடவில்லை. அந்த அரை மணி நேரத்தைக் கேட்டு வாங்கியவன் நான். பாட்டையும் நான்தான் கேட்டேன்.

"இப்ப என்ன அனுப்பப் போறீங்க சேர்?" டீச்சர் நேராகக் கேட்டார். "போட்டோ மட்டும் அனுப்பினீங்கன்னா ஒரு பிரச்சினையும் இல்ல."

நான் போனைப் பைக்குள் வைத்தேன். செல்வம் நிவித்திகல வரை கொண்டுவந்து விட்டார். ஆயிரத்து எண்ணூறுக்கு மேல் ஒரு சதம் வாங்கவும் மறுத்துவிட்டார்.

இரத்தினபுரி பஸ் நிலையத்தில் உட்கார்ந்து வீடியோவை ரிஸ்வானுக்கு அனுப்பினேன், வெட்டாமல், பிள்ளைகள் எழுந்து போவதோடு. வார்த்தையில் எழுத எனக்குத் தைரியம் போதவில்லை, பார்த்தால் புரிந்துகொள்வான் என்று நினைத்தேன். அவிசாவளை வருமுன் பதில் வந்தது. "மாஷா அல்லாஹ்! என்ன ஒழுக்கமான பிள்ளைகள் நானா! குழுவில எல்லாருக்கும் காட்டினேன். இங்க லண்டன்லயும் இப்படிப் பிள்ளைகளைப் பாக்க ஏலாது." கூடவே ஒன்பது கைதட்டல் படங்கள்.

வீட்டுக்கு வந்து போன் பண்ணி எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். அவன் கெட்டவன் இல்லை, எல்லாவற்றையும் குறித்துக்கொண்டான். பிறகு கேட்டான்: "அந்த வெடிப்ப அடைக்க எவ்வளவு காசு முடியும் நானா? உங்க கடையிலயே சாமான் எடுத்துக்கலாமே." மலையை அடைக்கிற சாமான் என் கடையில் இல்லை என்றேன். அவன் குழு விஷயத்தை நிதியத்துக்கு எழுதியது, ஒரு கிழமை கழித்து நிதியத்தின் முடிவு வந்தது. கட்டடம் மீண்டும் பாவனைக்கு வரும் வரை ஆசிரியைகளின் கொடுப்பனவு நிறுத்தி வைக்கப்படும். பிள்ளைகளின் பாதுகாப்பே முக்கியம் என்றும் எழுதியிருந்தார்கள்.

ஆகவே, போகப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். நீங்கள் கட்டிய கட்டடத்துக்கு முதலில் போகாதீர்கள். பிள்ளைகளின் சத்தம் எங்கிருந்து வருகிறதோ அங்கே போங்கள். மேசையில் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். மலைப்பக்கச் சுவரின் பின்னால் ஒரு முறை நடந்து பாருங்கள். பாடச் சொல்லாதீர்கள். காசு கொடுக்கிற இடத்தில் உங்களுக்குப் பேச்சு இருந்தால், டீச்சரின் சம்பளத்தைக் கட்டடத்தோடு முடிச்சுப் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். போட்டோவில் சம்பளம் தெரியாதுதான், தெரியாவிட்டால் என்ன? தோட்டத்தின் பெயரை நான் எழுதவில்லை, ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன், எழுதினால் யார் தலை உருளும் என்று எனக்குத் தெரியும். மற்றபடி வழியும் வாடகையும் நான் சொன்னவைதான், மழைக்காலத்தில் ஆட்டோ முன்னூறு கூடும்.

இதை எழுதிக்கொண்டிருந்தபோது நேற்று யோகேஸ்வரி டீச்சர் எனக்குப் போன் பண்ணினார். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன், அவர் அதைக் காதில் வாங்கவில்லை. மற்ற தொண்டர் டீச்சர் கார்மன்ட்ஸ் தையல் வேலைக்கும், வெளியிலிருந்து வந்தவர் மாற்றம் வாங்கிக்கொண்டும் போய்விட்டார்களாம். இவர் இரண்டு மாதமாகச் சம்பளம் இல்லாமல் ஐந்து வகுப்பையும் ஒன்றாக உட்கார வைத்துப் பார்க்கிறார். பின்னால் வாய்ப்பாடு கேட்டுக்கொண்டே இருந்தது.

"இன்னொரு அமைப்பு பேசினாங்க சேர். வேற நாடு. டீச்சர் சம்பளம் மூணு வருஷத்துக்குக் குடுப்பாங்களாம். கட்டடத்தோட போட்டோவ எங்கயோ பாத்திருக்காங்க. வாற வெள்ளிக்கிழமை நேர்ல பாக்கணும்னு கேக்குறாங்க. நீங்கதான் எல்லாம் தெரிஞ்சவர், சொல்லுங்க. வரச் சொல்லவா, வேணாமா?"

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இந்தப் பதிவில் இவ்வளவு எழுதியவன், வேறென்ன சொல்வேன்? வாய்ப்பாட்டில் ஏழாம் பெருக்கல் போய்க்கொண்டிருந்தது, எல்லோரும் கத்திக்கொண்டிருந்தார்கள். ஆறு மாதத்தில் அங்கே அதைச் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்காது.

"புதுக் கண்ணாடி ஒட்டியாச்சா?" என்று கேட்டேன்.

"ஒட்டியாச்சு சேர்" என்றார் டீச்சர்.